தண்ணீர் குறைக்காத ஆசான்

ஹரிநாராயணன் இறந்து இரண்டு மாதம் ஆன பிறகுதான் கொச்சி மட்டாஞ்சேரிக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. பள்ளுருத்தியிலிருந்து பஜார் வரை கம்பத்துக்குக் கம்பம் ஃபிளெக்ஸ் தொங்கியது. படத்தில் இருந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இறுக்கமான அரைக்கைச் சட்டை. கைகளை மார்பில் கட்டி, விரல்களைப் புஜத்துக்கு அடியில் கொடுத்து வெளியே தள்ளி, இல்லாத சதையை இருப்பதுபோல் காட்டியிருந்தார். கீழே மலையாளத்தில், 'உருக்கு மனிதர்களை உருவாக்கிய ஆசானுக்கு அனுஸ்மரணம்' என்று நினைவுக் கூட்டத்துக்கு அழைப்பு எழுதியிருந்தது.

பொன்மணி காய்கறிப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு அதை வாசித்தாள். அந்தப் புஜம் அவளுக்குத் தெரியாததா? கடைசி இரண்டு வருஷம் அந்த உடம்பைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்ட ஹோம் நர்ஸ் அவள்தான். கிழட்டு உடம்பு கிழட்டு உடம்பாக இருந்ததில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பு என்றால் அப்படித்தான் போகும். அந்த மனுஷன் போகாத உடம்பு ஒன்று இருப்பதாக நாற்பது வருஷம் அச்சடித்து விற்றாரே, அதுதான் அவளுக்கு ஆகாது.

அவர் கதை பெரிய கதை இல்லை. பஜாரில் மிளகுத் தரகு பார்த்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. தரகு அவருக்கு வரவில்லை. பழைய பேப்பர் கடைகளில் கப்பல்காரர்கள் போட்டுவிட்டுப் போன வெளிநாட்டுப் பத்திரிகைகள் கிடக்கும். அவற்றில் பயில்வான்களின் படங்களை வெட்டி எடுத்து, கீழே இருந்த இங்கிலீஷைப் புரிந்த மட்டும் மலையாளத்தில் எழுதி, புரியாத இடத்தில் சொந்தச் சரக்கைச் சேர்த்து, 'வஜ்ரதேகம்' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். அது காசர்கோட்டிலிருந்து நாகர்கோவில் வரை விற்றது. அதன் அட்டை ஒட்டாத ஜிம் சுவர் கிடையாது. 'ஆசான் பதில்கள்' என்று ஒரு பகுதி வரும். முட்டி வலிக்கிறது என்று எழுதியவனுக்கு, இன்னும் நூறு பஸ்கி போடு என்று பதில். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பயமாக இருக்கிறது என்று எழுதியவனுக்கும் அதே நூறு பஸ்கி.

ஆசான் தாமே ஒரு நாளும் இரும்பைத் தூக்கியவர் இல்லை. ஊருக்கெல்லாம் பச்சை முட்டையும் மாட்டு ஈரலும் எழுதிவிட்டு, வீட்டில் தயிர்ச்சாதமும் மாவடுவும் சாப்பிட்டார். ஒரு நல்லது செய்தார் என்றால் இதைச் சொல்லலாம்: மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளைப் பேர் போட்டு அட்டையில் போட்டார். அந்த நாளில் வேறு எவனும் போடவில்லை. அதற்குமேல் புகழ்வதற்குப் பொன்மணியிடம் சரக்கு இல்லை.

ஆனாலும் அவள் மேடையேறிப் புகழ்வதாக ஒத்துக்கொண்டிருந்தாள். ஆசானின் மகள் மாளவிகா வீடு தேடி வந்து கேட்டிருந்தாள்.

"பொன்மணிச் சேச்சி, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும். அப்பா கடைசி நாள் வரைக்கும் கட்டில்லயே எக்சர்சைஸ் பண்ணினார்னு சொன்னாப் போறும்."

"எந்தக் கட்டில்ல?"

"சேச்சி..."

"சாயா கேட்டு மணியடிக்கக் கையத் தூக்குவாரு. அது எக்சர்சைஸ்னா, பண்ணினாருதான்."

மாளவிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். "ஃபோன்ல அப்பா பேர்ல ஒரு சேனல் ஆரம்பிக்கறோம். அதுக்காகத்தான். யாருக்கு என்ன நஷ்டம், நீங்களே சொல்லுங்கோ."

யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் பொன்மணிக்கும் தோன்றியது. செத்தவரைப் பற்றிய பொய், சாமந்தி மாலை மாதிரி. மறுநாள் வாடிவிடும். அதோடு அவள் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. களமசேரியில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது: நோயாளி வீட்டில் பார்த்ததும் கேட்டதும் அந்த வீட்டு வாசலோடு நிற்க வேண்டும். புருஷன் போன பிறகு இந்த வேலைக்கு வந்தவள், இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டுச் சங்கதியையும் இன்னொரு வீட்டில் இறக்கியதில்லை. உண்மையை வெளியே விடக்கூடாது என்றால், கேட்கிறவர்கள் கேட்கிற பொய்யைச் சொல்லிவிட்டு வருவதில் என்ன இருக்கிறது?

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் கற்பகம் வந்தாள். சுக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கிப் பக்கம் சாயாக்கடை வைத்திருப்பவள். கடையை அப்படியே விட்டுவிட்டு அந்த நேரத்தில் அவள் வந்ததே சரியில்லை.

"அக்கா, அவரு தண்ணி குடிக்க மாட்டேங்காரு."

"எவரு?"

"எங்க வீட்டுக்காரருதான். நாளைக்கு மேடையில உடம்பு காட்டணுமாம்லா. முந்தாநாள்ல இருந்து உப்பும் கிடையாது, தண்ணியும் கிடையாது. வாயை நனைச்சு நனைச்சுத் துப்புதாரு. என் கடைச் சாயாவைக்கூடத் தொடல."

பொன்மணிக்கு விளங்கிவிட்டது. கற்பகத்தின் புருஷன் தங்கதுரை, ஒரு காலத்தில் 'வஜ்ரதேகம்' அட்டையில் வந்தவன். பழைய அட்டைப்பட வீரர்கள் எல்லோரும் கூட்டத்தின் முடிவில் எண்ணெய் தடவிக்கொண்டு மேடையில் நின்று, ஆசானுக்கு உடல்காட்டி அஞ்சலி செலுத்தப் போகிறார்கள். மேடைக்கு முன்னால் தண்ணீரை நிறுத்தினால் தோல் சதையோடு ஒட்டி நரம்பு புடைத்துத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. மிளகும் சுக்கும் காய்கிற பஜாரில் பிறந்த ஆசான் அதற்கு 'காயப்போடுதல்' என்று பேர் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். 'தோலுக்கும் தசைக்கும் நடுவில் நிற்கும் துரோகி தண்ணீர்' என்று ஒரு தலைப்பு. இருபது வயதுக்காரன் அதைச் செய்தாலே ஆபத்து. தங்கதுரைக்கு ஐம்பத்தேழு. சர்க்கரையும் பிரஷரும் உண்டு.

"மாத்திரை போடுதானா?"

"அதெல்லாம் ஒழுங்காப் போடுதாரு."

"நீர் போகுதா?"

"காலையில கொஞ்சம் போச்சு. பால் ஊத்தாத கட்டஞ்சாயா நெறத்துல இருந்துச்சு அக்கா."

பொன்மணி அடுப்பை அணைத்தாள். அவன் போடுகிற பிரஷர் மாத்திரை எது என்று அவளுக்குத் தெரியும். இருக்கிற நீரையும் வெளியே இறைக்கிற மாத்திரை. உள்ளே தண்ணீர் விடாமல் அதையும் விழுங்கிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் எத்தனை நாள் தாங்கும்?

தங்கதுரையின் ஜிம் கிட்டங்கியின் மாடியில் இருந்தது. ஏறும்போதே சுக்கு மணம் மூக்கைப் பிடித்தது. சுவர் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த அட்டை. இருபத்தொரு வயது தங்கதுரை. கழுத்து நரம்பு முருங்கைக்காய் மாதிரி. அதன் கீழே நிஜத் தங்கதுரை பெஞ்சில் உட்கார்ந்து தொடையை நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.

"சதை இழுக்குதோ?" என்றாள் பொன்மணி.

"வாங்கக்கா. லேசா. அது அப்படித்தான் இருக்கும்."

"நாக்கை நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுல."

நீட்டினான். செருப்புத் தோல் மாதிரி வறண்டு கிடந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளின இடம் கூடாரம் போல அப்படியே நின்றது.

"தங்கதுரை, இப்பவே ஒரு செம்புத் தண்ணி குடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"நாளைக்குச் சாயங்காலம் குடிக்கேன்."

"நாளைக்குக் குடிக்கதுக்கு ஆள் இருக்கணும்லா?"

"அக்கா, உங்களுக்கு இது புரியாது. ஆசான் எழுதி வச்சிருக்காரு. அவரே செஞ்சு காட்டினது."

"ஹரிநாராயண சாமியா? அவரு ஒரு நாளும் தண்ணியக் குறைச்சவரு இல்ல. நாள் முழுக்க ஏதாவது குடிச்சுக்கிட்டேதான் இருப்பாரு. சாயாவுல சக்கரை குறைஞ்சா என்னை ஏசுவாரு."

"கிடையில கெடந்தப்போ குடிச்சிருப்பாரு. நான் சொல்றது அந்தக் காலம்." தங்கதுரை சுவரில் இருந்த அட்டையைக் காட்டினான். "இந்தப் படம் எடுத்த அன்னைக்கு நான் ஸ்டூடியோவுல மயங்கி விழுந்தேன். மூணு நாள் காய்ஞ்ச உடம்பு, மேல பெரிய லைட்டு. கண்ணு முழிச்சுப் பார்த்தா ஆசான் பக்கத்துல இருக்காரு. 'டேய், நானும் உன்னோட மூணு நாளா ஒரு சொட்டு குடிக்கலடா, எழுந்திரு'ன்னாரு. எழுந்து நின்னேன். அந்த நரம்பைப் பாருங்க. அவரு கூட நின்னதாலதான் அது வந்துச்சு."

பொன்மணி அட்டையைப் பார்த்தாள்.

அந்த நாள் கதை அவளுக்கு வேறு மாதிரித் தெரியும். போன கோடையில், கட்டிலில் சாய்ந்து இளநீர் உறிஞ்சிக்கொண்டே ஹரிநாராயணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "அந்தத் தங்கதுரை அறுத்துப் போட்ட வாழை மாதிரி விழுந்தாண்டி பொன்மணி. யாரோ ஓடிப்போய் அவனுக்கு இளநீர் வாங்கிண்டு வந்தான். குடிச்சான்னா நரம்பு அமுங்கிடுமே! நான்னா வாங்கிக் குடிச்சேன்! நல்ல வெயில், அமிர்தமா இருந்தது. அப்புறம் அவனைத் தட்டி எழுப்பி நிறுத்தினேன். பயல் நம்பி நின்னான் பாரு, அப்பேர்ப்பட்ட படம்!" சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பொன்மணிதான் முதுகைத் தட்டிவிட்டாள்.

அதை இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? தங்கதுரையின் வாழ்க்கையில் அவனுக்கென்று ஒரு நாள் இருந்தது என்றால் அந்த நாள்தான். தெரு ஜிம்மில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் ஓட்டுகிறவன் தினமும் காலையில் முகம் பார்ப்பது அந்த அட்டையில்தான். அதை உடைக்காமல் வேலை நடக்குமா என்று பொன்மணி பார்த்தாள்.

"நான் சொல்றது பொய்யா?" என்றாள்.

"நாளைக்கு மேடையில நீங்க என்ன பேசப் போறீங்கன்னு எனக்குத் தெரியும் அக்கா. கட்டில்லயும் எக்சர்சைஸ் பண்ணினாருன்னு. குரூப்புல போட்டிருக்காங்க. இங்க வந்து ஒண்ணு, அங்க போய் ஒண்ணா? மைக்குல சொல்லுங்க, அவரு தண்ணி குறைச்சதே இல்லைன்னு. நாலு பேரு முன்னால சொன்னா நம்புறேன்."

கீழே வந்ததும் கற்பகம் கேட்டாள், "கேட்டாரா?"

"கேக்கல. எம்மேலயும் தப்பு இருக்கு. நீ ஒண்ணு செய்யி. அந்த பிரஷர் மாத்திரைய ஒளிச்சு வையி. நாளைக்கு ஒரு பாட்டில்ல உப்பும் சக்கரையும் கலந்த தண்ணி கொண்டுக்கிட்டு மேடைக்குப் பின்னால நில்லு. ஆட்டோக்காரனையும் சொல்லி வையி."

கூட்டம் மறுநாள் சாயங்காலம், பஜாருக்குப் பின்னால் ஒரு ஹாலில் நடந்தது. அம்பது அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் முன்னாள் பயில்வான்கள். சட்டைப் பொத்தான் போட முடியாத வயிறுகள். ஆசானின் படத்துக்கு முன்னால் ஒரு ஜோடி டம்பெல்லை வைத்துப் பூப்போட்டிருந்தார்கள். அவர் வாழ்நாளில் டம்பெல்லுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றுதான் என்று பொன்மணி நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் ஆசானை ரிஷி என்றார். இன்னொருவர் மலை என்றார். பயில்வான் சங்கத் தலைவர் வெங்கிடராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போட்டிக்கு முன்னால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், ஆசானும் குடிக்க மாட்டார். அதுதான் குரு."

ஹால் கை தட்டியது. மேடைக்குப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் எண்ணெய் பூசின ஐந்தாறு உடம்புகள் தெரிந்தன. கடைசியில் நின்றவன் தங்கதுரை. சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு காலை ஊன்றாமல் தூக்கியிருந்தான். இழுப்பு கெண்டைக்கால் வரை இறங்கிவிட்டது என்று பொன்மணிக்குப் புரிந்தது.

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். மாளவிகா ஃபோனைப் பிடித்துப் படமெடுக்கத் தொடங்கினாள்.

பொன்மணி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். மலையாளத்தில் ஆரம்பித்தாள். தான் யார், எத்தனை நாள் பார்த்துக்கொண்டாள் என்று சொன்னாள். பிறகு தமிழுக்கு மாறினாள்.

"நான் பார்த்த வீட்டுச் சங்கதிய வெளிய பேசுற வழக்கம் எனக்குக் கெடையாது. சாமி கிடையில எப்படி இருந்தாருன்னு நான் சொல்லப் போறதில்ல. அது அவருக்கும் எனக்கும் உள்ளது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லணும். ஏன்னா இங்க ஒரு ஆளு தண்ணி குடிக்காம நிக்கான். சாமி ஒரு நாளும் தண்ணியக் குறைச்சதில்ல. கிடையிலயும் இல்ல, நடமாடுன காலத்துலயும் இல்ல. அவரே எங்கிட்டச் சொன்னது."

"சேச்சி, சமயம் ஆயி, நேரமாச்சு," என்று வெங்கிடராமன் எழுந்தார்.

"ஆகட்டும். இருங்க. தங்கதுரை, கேளு. நீ ஸ்டூடியோவுல விழுந்தப்போ உனக்கு ஒரு இளநீர் வாங்கிட்டு வந்தாங்க. அதைக் குடிச்சது சாமி. குடிச்சா உன் நரம்பு அமுங்கிப்போகும்னு உன்னைக் குடிக்க விடல. வாயத் துடைச்சுட்டு வந்துதான் உங்கிட்ட மூணு நாளாக் குடிக்கலன்னு சொன்னாரு. இதை எங்கிட்டச் சொல்லி, சொல்லிச் சிரிச்சாரு. நேத்தே சொல்லியிருப்பேன். உன் மனசு நோகுமேன்னு விட்டேன். அது என் கூமுட்டைத்தனம்."

ஹாலில் யாரோ "எறக்குங்கடா அந்தப் பொம்பளையை" என்று கத்தினார்கள். மாளவிகா ஃபோனை மடியில் போட்டுக்கொண்டாள். பொன்மணி மைக்கை விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள்.

தங்கதுரை தரையில் உட்கார்ந்திருந்தான். விழுந்தானா, உட்கார்ந்தானா என்று தெரியவில்லை. கற்பகம் பாட்டிலோடு குனிந்து நின்றாள். அவன் வாங்கவில்லை.

"ஸ்டூலுக்குக் கீழ ஒரு கூந்தல் கெடந்துச்சு," என்றான். வெட்டிக் குடித்த இளநீர்க் கூட்டைத்தான் சொன்னான். "ஸ்ட்ரா போட்டது. போட்டோக்காரரு குடிச்சதுன்னு நெனச்சேன்."

"போட்டோக்காரரு குடிக்கல," என்றாள் பொன்மணி.

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"எம்பேரைச் சொல்லியா?"

"உன் பேரைச் சொல்லித்தான்."

அவன் கற்பகத்தின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினான்.

"மெதுவா. ஒவ்வொரு மடக்கா," என்றாள் பொன்மணி. அவன் கேட்கவில்லை. பாதியைக் குடித்தான், கொஞ்சம் வாந்தி எடுத்தான், மறுபடி குடித்தான். மேடையில் அவன் பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தரமும் கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். பொன்மணி ஒரு பக்கமும் கற்பகம் ஒரு பக்கமுமாகத் தூக்கி நிறுத்தினார்கள். எண்ணெய் உடம்பு பிடிபடவில்லை, வழுக்கியது. சட்டையை மேலே போட்டு, அதோடு சேர்த்துப் பிடித்துப் பின்வாசல் வழியாக ஆட்டோவில் ஏற்றினார்கள்.

வாசலில் மாளவிகா ஓடிவந்தாள். "சேச்சி, எங்காத்துல ரெண்டு வருஷம் இருந்தேள். இப்படிப் பண்ணலாமா?"

"இருந்து வேலை பார்த்தேன். அப்பாவுக்கு ஒரு புண்ணு வந்துச்சா, சொல்லு. மத்ததுக்கு அப்புறமா ஏசு. இப்ப வண்டி போகட்டும்."

ஆஸ்பத்திரியில் நேராக டிரிப் போட்டார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் டயாலிசிஸுக்குத்தான் போயிருக்கும் என்றார். சிறுநீரகம் அடிபட்டிருந்தது, ஆனால் கைவிடவில்லை. மூன்றாம் நாள் நீர் தெளிந்து போகத் தொடங்கியது. கற்பகம் ஃபோனில் அந்த நிறத்தைக்கூட விவரித்தாள். பொன்மணி திருப்தியோடு கேட்டுக்கொண்டாள்.

மாளவிகாவின் சேனல் தொடங்கிவிட்டது. கட்டிலில் எக்சர்சைஸ் பண்ணின கதையை வெங்கிடராமன் சொல்கிறார். பத்தாயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம். 'காயப்போடுதல்' பற்றியும் ஒரு வீடியோ வரப்போகிறது என்று கேள்வி. முட்டாள்களுக்குப் பஞ்சமில்லாதவரை ஆசான்களுக்குச் சாவில்லை. எல்லோர் பின்னாலும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பொன்மணி ஓட முடியாது. அவளுக்குத் தோப்பும்படியில் வாதத்தில் கிடக்கிற ஒரு டீச்சரைப் பார்த்துக்கொள்கிற புது வேலை.

தங்கதுரை இப்போது அவளோடு பேசுவதில்லை. காலையில் அவள் வேலைக்குப் போகும்போது ஜிம் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பான். அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கற்பகத்துக்கு அது பெரிய சங்கடம்.

"உசுரைக் காப்பாத்தின ஆளோட பேச மாட்டேங்காரே. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீங்கக்கா."

"அவன் பேச வேண்டாம். பேசி எனக்கு என்ன ஆகணும்? ஒழுங்கா நீர் போகுதா, அதைச் சொல்லு."

"போகுது அக்கா."

"அப்ப சரி," என்று பொன்மணி பஸ் பிடிக்க நடந்தாள்.